அண்ணன் பேசாத வார்த்தைகள்

மார்கழியில் ஊரில் கல்யாணம் கிடையாது. ஆகவே மணிமேகலை விசாரணை நிலையத்துக்கு வேலையும் கிடையாது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு யாரோடாவது பேச்சு உண்டா என்று விசாரித்துச் சொல்லித்தான் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், பாத்திரக்கடை மாடியில், அந்த நிலையம் பிழைத்துக்கொண்டிருந்தது.

சேரன் ஸ்டூலின் மேல் ஏறி நின்று ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தான். வயது நாற்பத்தொன்று. மினி பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கிழிக்கிற வேகத்துக்கு வாயும் ஓடும். அந்த வாயால்தான் வேலை போயிற்று. அந்த வாய்க்காகத்தான் மணிமேகலை அவனைச் சேர்த்துக்கொண்டார்.

மணிமேகலைக்கு ஐம்பத்தெட்டு. கோர்ட்டில் முப்பது வருஷம் சாட்சிகள் சொன்னதைச் சொன்னபடியே டைப் அடித்தவர். சாட்சி பொய் சொன்னாலும் அடிக்க வேண்டும், உளறினாலும் அடிக்க வேண்டும். அப்படி அடித்து அடித்து, மனிதர்களின் பேச்சை எடை போடுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

படியேறி வந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் சேலை. கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என் பேரு சரண்யாங்க. கறம்பக்குடி பக்கம். எங்க அண்ணனப் பத்தி விசாரிக்கணும்."

"உக்காரும்மா. அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்றான் சேரன், ஸ்டூலிலிருந்து இறங்காமலே.

"அவனே பாத்துக்கிட்டானோ என்னமோ."

சேரன் இறங்கிவிட்டான்.

அண்ணன் பெயர் ரகுநாத். வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். போய் மூன்று வருஷமாகிறது. முதல் இரண்டு வருஷம் தினம் ஒரு போன், அதுவும் முகம் பார்த்து. கடந்த பதினோரு மாதமாக ஒரு முறைகூடக் குரல் கேட்கவில்லை.

"மெசேஜ் மட்டும் வருதுங்க. போன் பண்ணா எடுக்க மாட்டான். மைக்கு போயிருச்சும்பான். கேம்ப்ல பேச விடலம்பான். பணம் மாசாமாசம் வந்துருதுன்னு அப்பா சொல்றாரு. அம்மாவுக்கு நெஞ்சுல ஆப்பரேசன் ஆகி அப்பத்தான் படுத்திருந்தாங்க. அப்பக்கூட வரல, பேசல. அம்மா பொழச்சதுக்கு நேர்த்திக்கடன்னு அப்பா மொட்டை போட்டுட்டு வந்து நின்னாரு. பெத்த புள்ள ஒரு வார்த்த பேசல."

"இப்ப என்ன அவசரம்?" என்றார் மணிமேகலை.

"தை பதினஞ்சு எனக்குக் கல்யாணம். வர முடியாதுன்னு நேத்து போட்டிருக்கான். ஏர்போர்ட்ல வச்சு என்ன சொன்னான் தெரியுங்களா? நான் வந்து நிக்காம ஒன் கழுத்துல தாலி ஏறாதுன்னான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க ஒரு குடும்பம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆனா எனக்குத் தெரியணும். தெரியாம நான் மணவறையில உக்கார மாட்டேன். கல்யாணத்த நிப்பாட்டிருவேன்."

மணிமேகலை கையை நீட்டினார். போன் கைக்கு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதினோரு மாதத்துக்கு முந்தியதைக் கொஞ்சம், பிந்தியதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் படித்தார். ஒரு தாளில் நடுவில் கோடு கிழித்தார்.

இடது பக்கம் பழைய ரகுநாத். செம, மொக்க, கெத்து, வேற லெவல், கலாய்க்காத, வச்சு செய்றோம். வலது பக்கம் புதிய ரகுநாத். சோக்கா இருக்கேன், ஒரே பேஜாரு, மேனேஜர் டபாய்க்கிறான், லீவு கேட்டா ஜகா வாங்குறான்.

"பேச்சே மாறிப்போச்சுங்க. இந்த மாதிரி அவன் பேசவே மாட்டான். அந்தப் பொம்பளதான் மாத்திட்டா போல," என்றாள் சரண்யா.

"சேரா, ஜகா வாங்குறதுன்னு கடைசியா எப்பக் கேட்ட?"

"எங்க பஸ் டிரைவர் அண்ணன் சொல்லுவாருங்கக்கா. அவரு ரிட்டயர்டாகி பேரன் எடுத்துட்டாரு."

"தொண்ணூத்தி ஒண்ணுல ஒரு லாரி கிளீனர் கூண்டுல நின்னு, ஓனர் ஜகா வாங்கிட்டாருங்கன்னான். ஜட்ஜய்யா என்னயப் பாத்தாரு. புரியல, ஆனா அப்படியே அடிம்மான்னாரு." மணிமேகலை சிரிக்கவில்லை. "இருபது வயசுல ஒட்டுற வார்த்தைதாம்மா கடைசி வரைக்கும் வரும். இப்ப இருக்குற பசங்க பொண்டாட்டி சொன்னான்னு குடிய விடுவானுங்க. ஆனா சோக்கா இருக்கேன்னு எழுத மாட்டானுங்க. இத எழுதுற ஆளுக்கு அம்பத்தஞ்சு வயசாவது இருக்கும்."

சரண்யா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"அப்ப பொம்பள இல்ல. மாமனாரு," என்றான் சேரன். மணிமேகலை பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

"கம்பெனி நம்பர் இருக்கா?"

"அப்பாட்ட இருக்கும். அவருதான் எல்லாம் பாத்துக்குவாரு."

"நாளைக்கு அப்பாவப் பாக்க வாரோம். அதுவரைக்கும் வர்ற மெசேஜ உடனே எனக்கு அனுப்பிரு. நீ எதையும் கேக்காத."

அவள் படியிறங்கின சத்தம் ஓய்ந்த பிறகு மணிமேகலை தாளைத் திருப்பி வைத்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? எல்லாம் மாறியிருக்கு. ஆனா தங்கச்சிய லூசுன்னு கூப்பிடுறது மட்டும் மாறல. பழைய மெசேஜப் படிச்சுப் பாத்து, அத மட்டும் பிடிச்சுக்கிட்டு எழுதுறான். அப்ப ரகுநாத்தோட போன் அந்த ஆள் கையில இருக்கு."

"கேம்ப்ல கூட இருக்குற பெருசு யாராவது இருக்கும்," என்றான் சேரன். அவன் பங்குக்கு மெசேஜ் வந்த நேரங்களை எழுதி வைத்திருந்தான். "இங்க பாருங்கக்கா. ஒரு வாரம் பூரா காலையில ஒம்போதுல இருந்து பன்னெண்டுக்குள்ள வருது. மறுவாரம் பூரா மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள. ஷிப்டு மாறுது. நான் கண்டக்டருங்க, ஷிப்ட மோந்து பாத்தே சொல்லிருவேன்."

"சரி. ஆனா பதினோரு மாசமா ஒரு வயசுப்பய தன் போன அடுத்தவன்கிட்டக் குடுத்துட்டு எங்கிட்டு இருக்கான்?"

சேரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

*

மறுநாள் ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி போய், அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஆட்டோவில் போய் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். ஊர் முனையில் சவரியப்பன் என்பவருடைய டீக்கடை. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உழைக்கிற ஊரில் இந்த நேரத்துக்கு இத்தனை பேர் சும்மா இருக்கிறார்களே என்று சேரனுக்குத் தோன்றியது.

"என்னங்க, மார்கழிக்கு ஊரே லீவா?"

சவரியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "இன்னும் பத்து நிமிசம் பாருங்க."

இரண்டு அடித்தது. கடைக்குப் பின்னால் வயலில் ஒரு மோட்டார் தானாக உறுமிக் கிளம்பியது. அவ்வளவுதான். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டார்கள். ஒருவர் பாதி டீயை வைத்துவிட்டே போனார். ஒரு நிமிஷத்தில் கடை காலி.

"த்ரீ பேஸ் கரண்டு விட்டாச்சு," என்றார் சவரியப்பன். "இனி அஞ்சு மணி வரைக்கும் கடைக்கு ஒரு ஆள் வராது. எல்லாம் மோட்டாரடியில கெடப்பாங்க."

"தினம் இதே நேரந்தானா?" மணிமேகலை கேட்டார்.

"இல்லங்க. எங்க லைனுக்கு ஒரு வாரம் காலையில ஒம்போதுல இருந்து பன்னெண்டு. மறுவாரம் மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு. போன வாரம் காலையில வந்துச்சு."

சேரன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். விரித்தான். அந்தத் தாளில் ஷிப்டு என்று அவனே பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். போன வாரம் காலை. அதற்கு முந்தின வாரம் மத்தியானம். அதற்கும் முந்தி காலை. பதினோரு மாதமும் அப்படியே வரிசை பிசகாமல் இருந்தது. ஷிப்டு என்பதை அடித்துவிட்டு, மோட்டார் என்று எழுதினான்.

மணிமேகலையின் போன் மணியடித்தது. சரண்யா பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியிருந்தாள். இப்போதுதான் அவளுக்கு வந்த மெசேஜ்.

லூசு கோவிச்சுக்காத. நான் இல்லாட்டி என்ன, அப்பா எல்லாத்தையும் சோக்கா நடத்திருவாரு.

மணிமேகலை எழுந்தார். "சரண்யா டீச்சரோட அப்பா, ரெங்கசாமி அய்யா மோட்டாரு எங்கிட்டுங்க இருக்கு?"

"அவரு வீட்டத் தாண்டி வரப்புல நேராப் போங்க. செவப்பு ஓடு போட்ட கொட்டகை."

வீட்டு வாசலில் ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ரவிக்கைக்கு மேலே கழுத்துக்குழியில் ஆப்பரேஷன் தழும்பின் நுனி தெரிந்தது. சரண்யாவின் அம்மா செவந்தி. புது ஆட்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, கம்பெனியில இருந்து வாரீங்களா? என் மகன் எதுவும் குடுத்துவிட்டானா?"

சேரன் குனிந்து, சிந்திக் கிடந்த கடலைத் தொலியைப் பொறுக்கத் தொடங்கினான்.

"அய்யாவப் பாக்க வந்தோம்மா," என்றார் மணிமேகலை.

"மோட்டாருக்குப் போயிருக்காரு. வந்தா டீ குடிச்சுட்டுப் போங்க."

*

கொட்டகைக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரெங்கசாமி சாக்கின் மேல் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். போனை மடியில் மறைத்தார்.

"ஒங்க மக அனுப்பிச்சு வந்தோம்," என்றார் மணிமேகலை. "அது ரகுநாத் போன்தானுங்களே?"

ரெங்கசாமி இத்தனை நாள் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் போல, தலையைக் குனிந்துகொண்டார்.

"தூக்கத்துலயே போயிட்டான்ங்க. காலையில கூட இருந்த பய எழுப்பியிருக்கான், எந்திரிக்கல. இருபத்தாறு வயசு. ஒரு நோய் நொடி கெடையாது."

மோட்டார் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது. சேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில அவளுக்கு நெஞ்சத் தொறந்து வச்சிருக்காங்க. மாடிப்படிக்குக் கீழ நின்னு போன்ல இந்தச் சேதியக் கேட்டேன். மேல போனா, யாருப்பா போன்லன்னு மக கேக்குது. உரக்கடையில இருந்துன்னு சொல்லிட்டேன். அங்க ஆரம்பிச்சதுங்க." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு மாசத்துக்கு அதிர்ச்சியான சேதி எதுவும் கூடாதுன்னாரு டாக்டரு. சரி, ஒரு மாசம்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சு, இத்தன நாள் ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அப்படியே போயிருச்சு. கூட இருந்த பய சாமானும் போனும் கொண்டாந்து திருச்சியில குடுத்தான். சாம்பலு ஒரு டப்பாவுல இருந்துச்சு. திருவையாத்துல நான் மட்டும் போயிக் கரைச்சேன்."

"அந்த மொட்டை," என்றார் மணிமேகலை.

"நேர்த்திக்கடன் இல்லங்க."

அப்போதுதான் சேரன் சுவரைப் பார்த்தான். ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த சுவரில் கரியால் எழுதியிருந்தது. மேலே நாலு வரி. கீழே ஒரு பட்டியல்.

லூசு - பாசம் இருந்தால் சொல்வது, கோபம் இல்லை.
மொக்கை - நல்லா இல்லாதது.
செம - ரொம்ப நல்லது.
கெத்து - மிடுக்கு.
கலாய் - கிண்டல்.

இப்படி இருபது வார்த்தை. கடைசியாக, தெறி என்று எழுதி, எதிரில் கேள்விக்குறி போட்டிருந்தது.

"மக கிட்ட அவன் மாதிரியே பேசணுமேன்னு எழுதி வச்சதுங்க," என்றார் ரெங்கசாமி. "மொதல்ல லூசு லூசுன்னு எழுதியிருக்கானேன்னு கோவம் வந்துச்சு. தங்கச்சிய இப்படியா பேசுறதுன்னு. பூராத்தையும் படிச்சப்பறந்தான் தெரிஞ்சுச்சு, அவனுக்குப் பாசம் வந்தா அதுதான் வரும்னு. என்கிட்ட அவன் ஒரு நாள் அப்படிப் பேசுனதில்ல. சாப்பிட்டீங்களாப்பா, மோட்டார் ஓடுதாப்பா, அவ்வளவுதான். பெத்த பயலு எப்படிப் பேசுவான்னு, அவன் போனதுக்கப்பறம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்படியும் சோக்கா வந்துருச்சு," என்றார் மணிமேகலை மெதுவாக.

"மெட்ராஸ்ல லாரி செட்டுல ஏழு வருசம் கெடந்தேன்ங்க, வயசுல. வெளையாட்டா எழுதணும்னு நெனச்சா அதுதான் வருது. அத இப்ப யாரும் சொல்றதில்லையா?"

"இல்லங்க."

ரெங்கசாமி தலையாட்டினார். சுவரின் மேலே இருந்த நாலு வரியைக் காட்டினார்.

"அது அவன் எழுதுனது. போனத் தொறந்தப்ப எழுதி முடிக்காம, அனுப்பாம அப்படியே நின்னுச்சு. கடைசி ராத்திரி எழுதிக்கிட்டே தூங்கியிருக்கான். அத அழிச்சாத்தான் நான் எழுத முடியும். ரெண்டு நாளு அழிக்க மனசு வரல. அப்பறம் இங்க பாத்து எழுதிட்டு அழிச்சேன். ஒரு எழுத்து மாத்தல."

சேரன் எழுந்து போய்ப் படித்தான்.

லூசு அம்மா எந்திரிச்சு உக்காந்ததும் போட்டோ அனுப்பு. அடுத்த தைக்கு ஒன் கல்யாணம்னா நான் வாரேன். வந்து எறங்குறோம் தெறிக்க விடுறோம். மாப்ள ரொம்ப கெத்து காட்டுனா வச்சு

அதோடு நின்றிருந்தது.

"தம்பி, நீங்க வெளி உலகம் சுத்துனவரு மாதிரி இருக்கீங்க," என்றார் ரெங்கசாமி. "அந்த தெறின்னா என்னங்க? டீக்கடையில பயலுவகிட்டக் கேட்டேன். அடிதடிங்கிறான் ஒருத்தன். பயந்து ஓடுறதுங்கிறான் இன்னொருத்தன். என் மகன் கடைசியா எதுவும் சண்டையில மாட்டியிருந்தானா, எதுக்கும் பயந்துக்கிட்டுக் கெடந்தானா? பதினோரு மாசமா அது ஒண்ணுதான் எனக்கு விளங்கல."

சேரன் திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"ரெண்டும் இல்லங்கய்யா. நான் வந்து எறங்குனா ஊரே அதிரும்கிறான். சந்தோசம் தாங்காதவன் சொல்றதுங்க அது."

"சந்தோசமாத்தான் இருந்தானா?"

"ஆமாங்கய்யா."

ரெங்கசாமி எழுந்து போய், கட்டைவிரலால் கேள்விக்குறியைத் தேய்த்து அழித்தார். கரித்துண்டை எடுத்து, சந்தோசம் என்று எழுதினார். பிறகு சுவரில் கையை ஊன்றி, முதுகு குலுங்க நின்றார்.

மணிமேகலை காத்திருந்தார். அழுகை அடங்கிய பின்தான் பேசினார்.

"என்கிட்ட வந்தது ஒங்க மக. அதுகிட்ட நான் மறைக்க முடியாதுங்க."

"தை பதினஞ்சு போகட்டும்மா. தாலி ஏறிறட்டும். அப்பறம் நானே சொல்றேன்."

"தாலி ஏறாது. கல்யாணத்த நிப்பாட்டப் போறேன்னு வந்து உக்காந்துச்சு ஒங்க மக. அண்ணன் அங்க ஒரு குடும்பம் வச்சிருக்கான், பெத்தவள மறந்துட்டான்னு நெனச்சுக்கிட்டு இருக்கு." மணிமேகலையின் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "அவன உசுரோட வச்சிருக்கணும்னு நெனச்சீங்க. நியாயந்தான். ஆனா பாசமா இருந்த பய மேல அந்தப் புள்ளைக்கு வெறுப்பு வந்துருச்சு. அவன் செய்யாத தப்புக்குங்க."

ரெங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். இது ஒன்று அவர் கணக்கில் வந்தே இருக்கவில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. மடியிலிருந்த போனை எடுத்தார். மகள் பெயரைத் தேடி அழுத்தப் போனார்.

மணிமேகலை சட்டென்று அந்தக் கையைப் பிடித்தார். "அதுல வேண்டாம். அண்ணன்னு பேரு வரும். ஒங்க போன்ல கூப்பிடுங்க."

*

சரண்யா ஸ்கூட்டியை வரப்புமுனையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து வந்திருந்தாள். கொட்டகை வாசலில் மூன்று பேரும் நிற்பதையும், அப்பாவின் கையில் அண்ணன் போன் இருப்பதையும் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

ரெங்கசாமி உள்ளே போய் ஸ்விட்சை இறக்கினார். மோட்டார் ஓய்ந்தது. த்ரீ பேஸ் இருக்கும்போது மோட்டாரை நிறுத்துகிற விவசாயி அந்தப் பக்கத்தில் கிடையாது. குழாயில் தண்ணீர் மெலிந்து சொட்டாகி நின்றது.

அவர் சுவரைக் காட்டினார்.

அவள் மேலிருந்து கீழே படித்தாள். திரும்ப மேலே போய், அந்த நாலு வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

"இது அண்ணன்," என்றாள்.

"ஆமாத்தா."

"மத்ததெல்லாம்?"

"நான்."

சுவரில் வச்சு என்று நின்றுபோன இடத்தில் அவள் விரலை வைத்தாள். "செய்றோம்," என்று மெல்லச் சொன்னாள், அவன் விட்டதை முடித்துவைப்பது போல. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அப்பாவைத் திட்டவில்லை. அவர் பக்கத்தில் நின்று, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அவளே அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள்.

"வாங்கப்பா. அம்மாட்ட ரெண்டு பேருமாச் சொல்லுவோம்."

"தாங்குமா?"

"தெரியலப்பா. ஆனா இன்னைக்கும் வாசல்லதான் உக்காந்திருக்காங்க."

அப்பாவும் மகளும் வரப்பில் போனார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். நடுவழியில் அவர் கால் தடுமாறியது. அவள் முன்னே வந்து கையைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

சேரனும் மணிமேகலையும் கொட்டகை வாசலிலேயே நின்றார்கள். கேஸ் முடிந்தால் ஒரு கிண்டல் அடிப்பது சேரனின் வழக்கம். மணிமேகலை அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுப் பக்கமிருந்து செவந்தியின் குரல் கேட்டது. மகன் பேரைச் சொல்லி ஒரு தடவைதான். அதன் பிறகு வந்ததில் வார்த்தை எதுவும் இல்லை.

அன்றைக்கு ஐந்து மணி வரைக்கும் த்ரீ பேஸ் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லா மோட்டாரும் ஓடின. ரெங்கசாமி மோட்டார் மட்டும் ஓடவில்லை.